இடது கதவில் சந்தனப் பொட்டு

நார்வேயின் பெர்கன் நகரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், ஒருநாள் என் கார் பானட்டில் இருந்த குங்குமத்தைத் துரு என்று நினைத்து அழித்துவிட்டார்கள். செய்தவர் எய்விண்ட், என்னோடு வேலை பார்ப்பவர், தங்கமான மனிதர். இரும்புத் துகள் பட்டால் ஊதாவாக மாறும் ஒரு திரவத்தை அதன் மேல் தெளித்துவிட்டு, மாறுமா மாறுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாறவில்லை. இருந்தாலும் துடைத்தெடுத்துவிட்டு, "ஆரம்பத்திலேயே கவனித்துவிட்டேன், பயப்படாதே" என்றார். சாமிக்கு வைத்த பொட்டு என்று விளக்கப் போனால் பாவம், கூசிப்போவார். "தக்" என்றேன். நன்றி என்று அர்த்தம். இந்த ஊரில் பாதிப் பேச்சை அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் கார்களுக்கு செராமிக் கோட்டிங் போடுகிறோம். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு பெயிண்டைத் தின்றுவிடாமல் காக்கும் பூச்சு அது. பூசுவது சின்ன வேலை. அதற்கு முன் பெயிண்டைத் தயார் செய்வதுதான் இடுப்பை ஒடிக்கும். கழுவ வேண்டும். களிமண் போன்ற ஒரு கட்டியால் தேய்த்து, ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேட வேண்டும். பாலிஷ் போட்டு அதை நீக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் அது பூச்சுக்கு அடியிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். தலைமுடி மெலிசில் ஒரு கீறலுக்குக் கண் கலங்கியவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். எங்கள் ஏற்காட்டிலோ புது வண்டி வந்தால் முதல் காரியமே அதன் மேல் எதையாவது அப்பி, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுதான்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அப்பாவின் காருக்கும் அந்தப் பூச்சைப் போட்டுவிடலாம் என்று சேலத்தில் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு மலையேறினேன். அப்பா ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற பகுதியில் பேக்கரி நடத்தி ஓய்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அப்பாதான் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். அந்த நாட்களில் பெர்கனில் எனக்குச் சோறு இறங்காது. "ஊடு வந்து சேந்துட்டோங் கண்ணு" என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான் டப்பாவையே திறப்பேன். சம்பாதித்து அனுப்புகிறேன் என்ற பெருமையெல்லாம் அந்த ஒரு போன் வரும்வரை செல்லாது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், மெரூன் நிறக் காரைக் கழுவ ஆரம்பித்தேன். பானட்டில் வழக்கமான பொட்டு. இடது பக்கம் வந்தால், கதவிலும் முன் சக்கரத்துக்கு மேலேயும் சந்தனப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு பக்தி முற்றிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஒன்றை நனைத்துத் துடைத்தேன். அடியில் ஆழமான கீறல் இருந்தது. அடுத்ததைத் துடைத்தேன். அங்கேயும் கீறல். விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, கீறலின் பள்ளத்துக்குள், மலைப்பாதை வளைவுத் தடுப்புச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கதவுல எதுக்கும்மா பொட்டு?"

வாசல் பக்கம் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பாவுக்கு இடது கண்ணு சரியாத் தெரியறதில்ல கண்ணு. பக்கத்துல உக்காந்து நாந்தான் சொல்லிக்கிட்டே போவேன். ஏனுங்க, செவுரு வருதுங்க, கொஞ்சம் ஒதுங்குங்கன்னு. போறப்ப ஒண்ணும் ஆகறதில்ல."

"வர்றப்ப?"

"வர்றப்ப நொம்ப அசதியா இருக்குது. தூங்கிப்போயிடறேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "நீ பாத்தா ஓட்ட உடமாட்டே. அப்பறம் நாங்க எப்படிப் போறது? பஸ்ஸுல நிக்க முடியுமா என்னால? அதான் பொட்டு வெச்சேன்."

அப்பாவிடம் கேட்டால், "மலையில ஓடற வண்டி, கீறல் இல்லாம இருக்குமா?" என்று பேச்சை மாற்றினார். அவரை ஷெட்டுக்குள் கூட்டிப்போய் வலது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். விளக்கை அவருக்கு எதிரே பிடித்தேன்.

"எரியுதுங்களாப்பா?"

"நல்லா எரியுது கண்ணு."

விளக்கை நான் போடவேயில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நீ அங்கிருந்து வந்து கூட்டிக்கிட்டுப் போவியா?" என்றார். அதில் கோபம் இல்லை.

கடைசியில், டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் செல்வம் இனி அப்பாவின் காரை ஓட்டுவது, அப்பா கண் டாக்டரைப் பார்ப்பது என்று பேசி முடித்தோம். அப்பா தலையாட்டினார். எது சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறவர் அவர். எனக்கோ ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. ஊர் என்று எழுதிவிட்டேன், பெர்கனைத்தான் சொல்கிறேன்.

இடது பக்கக் கீறல்களை, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று, நான் பாலிஷ் போட்டு மறைக்கவில்லை. அழுக்கை மட்டும் எடுத்து, பசை போகத் துடைத்து, அப்படியே பூச்சைப் போட்டேன். தொழிலில் இது மகா தப்பு. எய்விண்ட் பார்த்தால் என்னோடு பேசமாட்டார். பளபளக்கும் கதவைத் தடவிப் பார்த்த அம்மாவிடம், "இனிமே இதுல எதுவும் ஒட்டாதும்மா. பொட்டு வெச்சாலும் காஞ்சதும் உதுந்துரும்" என்றேன். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதெல்லாம் டயாலிசிஸ் நாளில் வீட்டுக்கு வந்ததும் அப்பா வீடியோவில் கூப்பிடுவார். எனக்கு அது சாப்பாட்டு நேரம். "செல்வந்தானே ஓட்டுனாரு?" என்று கேட்பேன். "ஆமாங் கண்ணு" என்பார். இடப்பக்கம் காட்டச் சொல்வேன். போனைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடப்பார்.

நேற்றும் காட்டினார். ஷெட்டுக்குள் பனி புகுந்து படம் மங்கலாக இருந்தது. கதவில் பொட்டு எதுவும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்பா போனைத் தாழ்த்தியபோது தரை தெரிந்தது. கதவுக்கு நேர் கீழே காய்ந்த சந்தனம் வில்லையாக உதிர்ந்து கிடந்தது.

"அப்பா, மறுபடியும் கதவக் காட்டுங்க. இன்னும் கிட்டக்க."

காட்டினார். கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. பழசா புதுசா என்று புரியவில்லை. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பட்டறை விளக்கை எடுத்துப் போன் திரைமேல் சாய்த்துப் பிடித்தேன். கதவு மறைந்துபோய், கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.