நன்றிப் பூசைக்குப் பிறகு

என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். வேறு யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் வீட்டுக்காரர் இனிகோ தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர். பதினெட்டு வயதிலிருந்து அதுதான் பிழைப்பு. கூடக் குளித்த ஜெனோ ஒருநாள் மேலே வரவில்லை. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை. ஜெனோ கூப்பிடுகிறான் என்று சுவரோடு பேசினார். மனநல ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். “மாத்திரைய விட்டுராதீங்க. புதன்கிழமைதோறும் குழுவுக்கு வந்துரணும்” என்று அங்கே ஆலோசகராக இருக்கும் ஜெபிஷா சொன்னாள்.

குழு என்றால் இவரைப் போல் வார்டிலிருந்து திரும்பிய ஒன்பது பேர். ஏரலில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், உப்பளத்துப் பெண் ஒருத்தி, இப்படி. வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். பேசினால் நோய் போய்விடுமாக்கும் என்று நான் கிண்டல் பண்ணினேன்.

“ஏளா, அங்கன ஜெனோ பேரச் சொன்னா யாரும் பதற மாட்டாவ. அது போதும்” என்றார்.

ஐந்தாவது வாரம் மீன் ஆய்ந்துகொண்டே எதற்கோ சிரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சுகமானால் பூசை வைப்பதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். ஓடிப்போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் நிறைய ஆள் இருக்க, ‘முழு சுகம் பெற்ற இனிகோவுக்காக’ என்று சாமியார் வாசித்தார். ‘சுகமாகி வருகிற’ என்று எழுதியிருக்கலாம். பாவி, நான் அப்படி எழுதவில்லை.

புதன்கிழமை அவர் சட்டையை மாட்டினார். வாசலை மறித்தேன். “மாதா சுகமாக்கிட்டாள்னு ஊரே கேட்டாச்சு. பெறவும் அங்கன போயி உக்காந்தா, மாதா ஒண்ணும் செய்யலன்னுதான அர்த்தம்?”

சட்டையைக் கழற்றிவிட்டார். ஜெபிஷா போன் பண்ணினாள். நல்லாயிருக்கார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாத்திரையையும் அவர் நிறுத்திவிட்டது எனக்குத் தெரியாது.

நாலு வாரத்தில் மறுபடி சுவரோடு பேச்சு. மறுபடி அதே வார்டு. இப்போது மாத்திரையைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். ஏரல் அண்ணாச்சி வந்து கெஞ்சியும் திறக்கவில்லை.

நேற்று என் வீட்டுக்காரர் காலைப் பிடித்து அழுதேன். “பூசை தப்புங்க. உங்களுக்கு இன்னும் சுகமாகல. நான்தான் அவசரப்பட்டு எழுதிட்டேன். முழுங்கிருங்க.”

சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

“மெல்லப் பேசு ஏளா. யாராச்சும் கேட்டா உன் பூசை பொய்யாயிருமே.”