இடுப்பில் அக்கி, கையில் உம்ரா டிக்கெட்

சென்ற ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் தேதி, காலை ஆறு பத்து. புதுப்பட்டினத்தில் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கைலியை இறுக்கும்போது இடது இடுப்பு சுரீரென்று எரிந்தது. முதுகிலிருந்து தொப்புள் பக்கமாகப் பதினான்கு கொப்புளங்கள். அக்கி. எனக்கு வயது எழுபத்தொன்று. நானும் மனைவியும் மக்காவுக்கு உம்ரா பயணம் புறப்பட இருபத்தாறு நாள்தான் இருந்தது. அங்கே ஆண்கள் உடுத்தும் தையலில்லாத இஹ்ராம் துணியைக் கட்ட வேண்டிய இடமே அதுதான்.

மனைவியின் தம்பி டாக்டரிடம் போகவிடவில்லை. "அக்கிக்கு ஊசி போட்டா உள்ள பூந்துக்கும் மச்சான். கருங்குழில அக்கி எழுதுறவரு கீறாரு, வா" என்று பைக்கில் ஏற்றினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வந்தது. அங்கே பானை செய்பவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிப் படமாக எழுதினார். குளிர்ச்சியாக இருந்தது, வலி அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் மனைவி பொறுமை இழந்தாள். "படம் நல்லாத்தான் கீது. வலி போச்சா? டாக்டராண்ட கெளம்புங்க."

"இன்னிக்காவது வந்தீங்களே! மாத்திரைய மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். ஒரு வாரம் விழுங்கினேன். கொப்புளங்கள் காய்ந்தன. ஆனால் துணி பட்டாலே கரண்ட் பிடித்ததுபோல் இழுத்தது. பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றார்கள் வீட்டில். முடியாது என்றேன்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அக்குபஞ்சர் செய்பவரிடம் போனேன். அவர் முதலில் விசாரித்தார்: "சக்கரை எவ்ளோ பாய்? ரத்தம் இளக்குற மாத்திரை எதுனா போட்றீங்களா?" இல்லை என்ற பிறகே புது ஊசியைப் பிரித்துத் தழும்புகளைச் சுற்றிக் குத்தி, கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்தார். ரத்தம் கறுப்பாக ஊறியது.

கூட வந்த மனைவியின் தம்பி எட்டிப் பார்த்து, "இது நம்மாளுங்க ரத்தம் எடுக்குற ஹிஜாமா தானே! இதுக்கு இன்னாத்துக்கு சீனாக்காரன் பேரு?" என்றார்.

அன்றிரவு தூங்கினேன். பத்துக்கு எட்டாக இருந்த வலி, நான்கு முறை ரத்தம் எடுத்தபின் மூன்றுக்கு வந்தது. "அக்கி வலி தானாவும் கொறையும் பாய். எதால கொறஞ்சதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

குறித்த நாளில் புறப்பட்டோம். துணியைச் சற்றுத் தளர்த்திக் கட்டிக்கொண்டு கஅபாவை ஏழு சுற்றும் நடந்தே முடித்தேன். இன்று யாருக்கு அக்கி என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் துரத்துகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, ரத்தம் எடுத்ததற்கு எவ்வளவு, பிடிவாதத்துக்கு எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிரித்துப் போடத் தெரியவில்லை. ஆகவே செலவை மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன்: எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.