விடு என்று சொல்லும்வரை

இதில் ஒரு வரிகூட நான் கட்டியதில்லை. பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளி பஸ்களின் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கண்ணால் பார்க்காத எதற்கும் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. இதற்குப் போடுகிறேன்: வெண்டல் ஹாக்னர், டுலூத், மினசோட்டா. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்க்கும் பைத்தியம் எங்கள் ஊரில் பலருக்கு உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை லூத்தரன் சர்ச்சின் அடித்தள ஹாலில் கூடுவோம். விற்போம், வாங்குவோம், மாற்றிக்கொள்வோம். எல்லாருக்கும் ஆசை, ஜப்பானில் மட்டும் விற்ற ஒரு சிவப்பு வெள்ளைப் பெட்டியின் மேல்தான்.

பெட்டி எப்படியாவது கிடைத்துவிடும். தலைவலி அதன் அடாப்டரில். ஜப்பான் அடாப்டரை எங்கள் சுவரில் செருகினால் சூடேறும்; அங்கே வோல்ட் குறைவு. அமெரிக்கப் பெட்டியின் அடாப்டர் அச்சாகப் பொருந்தும், ஆனால் அது கொடுப்பது ஏசி. செருகினால் உள்ளே கருகிவிடும். வேண்டியது பத்து வோல்ட் டிசி. அதிலும் முனையின் நடுவில் மைனஸ் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுவில் ப்ளஸ்.

அதனால் கிளப்பில் ஒரு வழக்கம் வந்தது. அடாப்டர் விற்பவர் அதைப் பொது மேசையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு வெறுங்கையால் இறுகப் பிடிக்க வேண்டும். வாங்குகிறவர் 'விடு' என்று சொல்லும்வரை பிடித்திருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் வியாபாரம் இல்லை. சிலர் வேண்டுமென்றே ஒரு கப் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

என் மனைவி கோரினின் தம்பி டுவெய்ன் மட்டும் இந்த வழக்கத்துக்கு வர மாட்டான். ஜப்பான் பெட்டியையும் அடாப்டரையும் ஒரே பையில் கட்டி, 'வீட்டுக்குப் போனதும் ஆட வேண்டியதுதான்' என்று தள்ளிவிடுவான். வாய் அப்படி. சின்ன வயதிலேயே தாய் போய்விட்டதால் கோரின்தான் அவனை வளர்த்தாள். அவளுக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை. அவனுக்கு ஒன்று ஆனால் அவள் தாங்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் அவனிடம் ஒரு பெட்டி வாங்கியவர் எல்லிஸ் ஹவுதலா. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். அக்டோபரில் அவருடைய குடியிருப்பு எரிந்தது. டிவி முன்னால் சோபாவில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. சிகரெட் நெருப்பு என்று பேச்சு. அவர் சிகரெட் பிடித்து கிளப்பில் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

நவம்பரில் நானும் டுவெய்னிடம் ஒரு பெட்டி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அடாப்டரை எடுத்ததுமே உறுத்தியது. எடையே இல்லை. லேபிளில் எல்லாம் சரியாக இருந்தது. பத்து வோல்ட், டிசி, நடு மைனஸ் படம், பாதுகாப்பு முத்திரை. லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வெறும் கருப்பு பிளாஸ்டிக். செய்தவர் பெயர்கூட இல்லை.

நான் அதைச் சுவரில் செருகவில்லை. இதைக் கவனமாக நினைவில் வையுங்கள். ஒரு தடவைகூடச் செருகவில்லை.

டிசம்பர் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போனேன்.

"இந்த ஸ்டிக்கர் யாருடா ஒட்டினது?"

"நான்தான். எங்கிருந்தோ மொட்டையா வருது மாமா. பிள்ளைக்கு ஒரு பேரு வேணாமா?"

"முத்திரை?"

"அதுவும் நம்ம பிரிண்டர்தான்."

எல்லார் முன்னாலும் பிடித்துக் காட்டச் சொன்னேன். அதற்குள் ஹாலில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். டுவெய்ன் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வர்ற வியாழக்கிழமை அக்கா வீட்லதான் சாப்பாடு. அஞ்சு மணிக்கு வந்து பிடிச்சுக் காட்டுறேன், போதுமா? ஊர்ப் பிள்ளைங்களோட பஸ்ஸை இவரை நம்பி விட்டிருக்காங்க. மனுஷன் ஒரு அடாப்டர் கட்டையைப் பார்த்து நடுங்குறாரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை. டிசம்பரில் எங்கள் ஊரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஏரிக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. கோரின் வேலையிலிருந்து ஐந்தரைக்குத்தான் வருவாள். அடுப்பில் இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு, டுவெய்ன் வருவதற்குள் டிவியைத் தயார் செய்ய அடித்தளத்துக்கு இறங்கினேன்.

பெட்டியை முதல் முறையாக டிவியோடு இணைத்தேன். ஜப்பான் பெட்டி எங்கள் டிவியில் தொண்ணூற்றைந்தாவது சேனலில்தான் வரும். அதை வைத்தேன். திரை முழுக்கப் புள்ளிகள். ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். பெட்டிக்கு இன்னும் கரண்ட் இல்லை. அடாப்டர் அந்தப் பக்கம், ஃப்ரீஸர் மூடியின் மேல் கிடந்தது. வயர் தரையில் தொங்கியது.

திடீரென்று இரைச்சல் நின்றது.

திரையில் புள்ளிகள் அப்படியே ஆடின. சத்தம் மட்டும் இல்லை. டிவி கெட்டுவிட்டதோ என்று குனிந்தேன்.

அப்போது டிவிக்குள்ளிருந்து...

ம்க்கும். ம்க்கும்.

இரண்டு முறை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஜப்பான் பெட்டியில் இரண்டாவது கண்ட்ரோலரில் ஒரு சின்ன மைக் உண்டு. அதில் பேசினால் டிவியில் கேட்கும். சத்தத்தைக் கூட்டக் குறைக்க அதிலேயே ஒரு தள்ளு பொத்தான். நான் அதைக் கீழே தள்ளி வைத்திருந்தேன்.

இப்போது பார்த்தேன். மேலே இருந்தது.

கண்ட்ரோலர் காலியான சோபாவில் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் டிவியில் மூச்சு கேட்டது. மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்து விடுகிற மூச்சு...

"அவன்... வந்துட்டானா?"

அது எல்லிஸின் குரல். ஆறு வருடம் கேட்ட குரல். சந்தேகமே இல்லை.

டிவியிலிருந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். மூச்சு நிற்கவில்லை. டிவியை அணைத்தேன். திரை கருத்தது. மூச்சு நிற்கவில்லை.

அடாப்டரைத் தூக்கி வெளியே பனியில் எறிந்துவிட நினைத்தேன். விரல் பட்டதும் சுரீர் என்றது. அடுப்பிலிருந்து எடுத்த தட்டு போலக் கொதித்தது. எந்தச் சுவரிலும் இல்லாத அடாப்டர்.

மேலே ஓடினேன். டுவெய்னுக்கு போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். மறுபடி போட்டேன். மறுபடி. அப்போது கார் விளக்கு வெளிச்சம் சமையலறைச் சுவரில் ஊர்ந்து போனது.

படிக்கட்டுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. நிதானமாக.

"வந்துட்டான்."

வாசலிலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். "உள்ள வராத. திரும்பிப் போயிடு. கீழ எல்லிஸ் இருக்காரு."

"எந்த எல்லிஸ்?" கேட்கும்போதே அவன் முகம் மாறிவிட்டது. பிறகு சிரிக்கப் பார்த்தான். "அவரு சிகரெட்ல செத்தவரு மாமா."

"அவரு சிகரெட் பிடிக்க மாட்டாரு."

"தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பிறகு, அந்தக் கட்டை எங்கே, நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். நான் சட்டையைப் பிடித்தேன். உதறிவிட்டான்.

நேராக ஃப்ரீஸரிடம் போனான். தொடாதே என்று கத்தினேன். தொட்டுப் பார்த்தான். சிரித்தான்.

"கொதிக்குதா? ஐஸ் மாதிரி இருக்கு மாமா."

எடுத்தான். என் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கினான்.

"பிடிச்சுட்டேன். போதுமா?"

சிரித்துக்கொண்டே நின்றான்.

சிரிப்பு மெல்லப் போனது.

"மாமா... விட முடியல."

"விடு டுவெய்ன்."

"முடியல."

வாங்கியவன் நான். விதிப்படி நான் சொன்னால் போதும். "விடு" என்றேன். கத்தினேன். அவன் விரல்களைப் பிடித்து இழுத்தேன். இரும்பு. வயர் தரையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முனை எதிலும் இல்லை...

அவன் இருமத் தொடங்கினான்.

புகை இல்லை. வாசனைகூட இல்லை. ஆனால் புகைக்குள் சிக்கியவன் போல இருமினான். கண்ணில் நீர் கொட்டியது. முழங்கால் மடங்கியது.

"உருகி... ரெண்டு அடாப்டர் திரும்பி வந்துச்சு. தெரிஞ்சுதான்... அவருக்கு வித்தேன். தெரிஞ்சுதான்..."

அணைந்த டிவியைப் பார்த்துக் கெஞ்சினேன். "எல்லிஸ், நீங்க வாங்கினவரு. சொல்லிடுங்க. அவன் அக்காவுக்கு வேற யாரும் இல்ல."

மூச்சு.

"எல்லிஸ்..."

மூச்சு மட்டும்.

காபி குடிக்கிறவர் போல... அவசரமே இல்லாமல்.

டுவெய்னின் இருமல் நின்றது. மேலே கதவு திறந்தது. பனியைத் தட்டும் பூட்ஸ் சத்தம். கோரின்.

"தம்பி வந்துட்டானா?" என்று மேலிருந்து கேட்டாள்.

ம்க்கும். ம்க்கும்.

"விடு."

கை திறந்தது.

அடாப்டர் தரையில் விழுந்து உருண்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் உள்ளங்கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் எங்களைத் தனியாக அழைத்து, வீட்டில் தீப்பிடித்ததா என்று கேட்டார். இல்லை என்றோம். நுரையீரல் முழுக்கக் கரி என்றார். இரண்டு முறை சோதித்ததாகவும் சொன்னார். கோரின் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடித்தளத்துக்கு இறங்குவதில்லை.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. வெர்னா சாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிளப்பில் காபி போடுகிற பெண். அதிர்ந்து பேசாதவள். அவளும் டுவெய்னிடம் பெட்டி வாங்கியவள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"உன் வீட்லயும் கேட்டாரா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நவம்பரிலிருந்தே எல்லிஸ் கேட்டுக்கொண்டிருந்தாராம். டுவெய்ன் விற்ற பெட்டியை டிவியில் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும். அவன் எங்கே, எங்கே என்று. அவள் வீட்டைத் தவிர ஐந்து வீடு. எல்லாரும் டிவியை மூடிவிட்டு வேறு அறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையாம்.

கோரின் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள் வெர்னா. பிறகு காபியை ஊதிக் குடித்தாள்.

"நான்தான் சொன்னேன். வியாழக்கிழமை, அஞ்சு மணி, வெண்டல் வீடுன்னு." கப்பை மெதுவாகக் கீழே வைத்தாள். "வழி கேட்டாரு. அதையும் சொன்னேன்."