எவரிஸ்தோவின் ஆடுநாற்காலி

பர்ராங்கியா நகரத்து வெயிலில் நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு ஐந்து மணிக்கு வரும் எவரிஸ்தோ, ஆடுநாற்காலியை வாசலில் போட்டு ‘ஓய்வு’ எடுப்பார். வாசலில் நாற்காலி கிடந்தால் யாரும் வந்து பேசலாம் என்பது எங்கள் தெரு வழக்கம். மாமியார் சண்டையிலிருந்து உடைந்த குழாய் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் நீதிபதி. போகிற வருகிறவர்களுக்குக் கையாட்டியே தோள் வீங்கிவிட்டது.

“ஒருநாள் உள்ள உட்கார்ந்தா குடி முழுகிப் போயிடுமா?” என்றாள் மனைவி நூபியா.

உட்கார்ந்தார். வாசலில் நாற்காலி இல்லை என்றதும் ஆள் படுத்த படுக்கை என்று தெரு முடிவுகட்டியது. கோழி சூப்போடு முதலில் நுழைந்தவன் நான்தான். ஆறு மணிக்குள் பதினாலு பேர். அதில் நாலு பேர் கையில் ஜெபமாலை.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா!” என்று கத்தினார்.

“பாவம், வீட்ல பயந்துருவாங்கன்னு மறைக்கிறாரு” என்றாள் பக்கத்து வீட்டு தோமிதிலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நூபியா காப்பித் தட்டை நங்கென்று வைத்தாள். “நாளையிலேர்ந்து வாசல்லயே உட்காருங்க. அங்க வர்றவங்களுக்கு நான் காப்பி போட வேண்டியதில்ல.”

ரொம்ப நியாயம் என்றேன், இரண்டாவது காப்பியை எடுத்துக்கொண்டே.