முத்துக் கிட்டங்கியின் மேல்மாடி

நாளைக்குக் காலைல நீங்க அந்த மேல்மாடிக்கு ஏறப்போறீங்க சார், அதனால இத இன்னைக்கே சொல்லிப்புடுதேன். கேட்டுட்டு சிரிச்சாலும் சரி. நீங்க என்ஜினியர், நான் ஹார்பர்ல கிரேன் ஓட்டுற ஆளு. கொக்கியில எவ்வளவு கனம் தொங்குதுன்னு மீட்டர் காட்டும், அத நம்புவேன். மத்தபடி பேயி, முனின்னு எவனாவது ஆரம்பிச்சா, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புலேன்னு சொல்ற ரகம் நான். இப்பவும் அப்படித்தான், இந்த ஒண்ணத் தவிர.

அந்தக் கட்டடம் என் பொண்டாட்டி வீட்டு ஆளுங்களோடது. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல அவங்க பூட்டன் கட்டுன கிட்டங்கி. கீழ சரக்கு வைக்க, மேல முத்து சலிச்சுத் தரம் பிரிக்க ஹாலு. பூட்டிப்போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. கல்யாணமான புதுசுல சும்மா பாக்கப் போனவன் சார், அப்படியே மயங்கிட்டேன். பவளப்பாறைக் கல்லுல, மேல சம்மணம் போட்டு உக்காரலாம்ங்கற அகலத்துக்கு சுவரு. வடக்க பூரா ஜன்னலு, முத்தோட நெறம் பாக்க வெயில் நேரா விழப்படாதுல்ல, அதுக்கு. ஜன்னலுக்கு மேல அரைவட்டத்துல பச்சையும் மஞ்சளுமாக் கண்ணாடி. சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் முட்டை ஓடு கணக்கா வழுவழுன்னு இருக்கு. புறா எச்சத்துல தரை மூடிக்கெடந்தாலும் அங்கன போயி நின்னா எனக்குத் திரும்பி வர மனசே வராது. ஊருக்குள்ள இப்படி எத்தன வீட்ட இடிச்சு லாட்ஜு கட்டிட்டாங்க, இத விடப்படாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா மாப்பிள்ளை முடிவு பண்ணி என்ன ஆவப்போவுது? பங்காளிங்க நெறைய, பாதிப் பேரு கப்பல்ல இருக்காங்க. இடிச்சுத் தரைமட்டமாக்கத் தோதா ஒரு ஆளு விலையும் பேசிட்டான். என் பெரிய மச்சான், பொண்டாட்டிக்கு மூத்தவரு, அவரு சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க. நான் போயி நின்னா, "இங்கன பொறந்த எங்களுக்கே இல்லாத பாசம், பொண்ணெடுத்த ஒமக்கு என்னத்துக்குவே? உத்திரமெல்லாம் உளுத்துப்போச்சு"ங்காரு. உளுக்கலன்னு நான் சொல்ல, "அப்ப மாதா திருவிழாக் கொடி ஏறதுக்குள்ள எனக்குக் காட்டும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுருவேன்"ன்னுட்டாரு.

சரின்னு இளைய மச்சினன் பிரான்சிஸக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவன் சங்கு குளிக்கிறவன். ராத்திரி எல்லாம் இல்ல சார், ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு வந்து, பட்டப்பகல். மேல பலகைத் தரை எந்த எடத்துல பொத்துக்கும்னு சொல்ல முடியாது, அதனால பிரான்சிஸ் என் இடுப்புல கயித்தக் கட்டிட்டான். எங்க பக்கத்துல கடல்ல முங்குறவனுக்குக் கயிறு பிடிக்கிறது பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான். அக்கா தாலிக்கு ஒண்ணு ஆவ விடமாட்டான்னு ஒரு நம்பிக்கை. கீழ இருந்து வெடுக்குன்னு ஒரு இழுப்பு வந்தாப் போதும், ஏன் எதுக்குன்னு யோசிக்காம மேல தூக்கிறணும், அதான் பழக்கம். "ஏலே, நான் சங்கு எடுக்கப் போகல, உத்திரம் பாக்கப் போறேன்"ன்னு கேலி பண்ணிட்டுத்தான் உள்ள போனேன். அவன் வாசலுக்கு வெளிய, படி முடியுற எடத்துல சுவத்துல கால ஊனி உக்காந்துக்கிட்டான். அங்கன இருந்து அவனுக்கு என்னையப் பாக்க முடியாது, எனக்கும் அவனப் பாக்க முடியாது, நடுவுல கயிறுதான்.

ஒவ்வொரு உத்திரமாக் கம்பால தட்டிக்கிட்டே போறேன், எல்லாம் கணீர்னு சத்தம். எனக்கு சந்தோஷம் தாங்கல. கடைசி ஜன்னல்கிட்ட கண்ணாடி வழியாப் பச்சை வெளிச்சம் சுவத்துல விழுந்து கெடக்கு, அதத் தடவிப் பாத்துக்கிட்டு, இத இடிக்க எப்படித்தான் மனசு வருதோன்னு நெனச்சிக்கிட்டு நிக்கேன். ரெண்டு கையும் சுவத்துல இருக்கு சார், இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நம்புனா நம்புங்க, திடீர்னு இடுப்புல ஒரே இழுப்பு, மல்லாக்க விழுந்து, தரையோட தரையா அந்த ஹால் நீளத்துக்கும் தரதரன்னு இழுபட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். சட்டை கிழிஞ்சு முதுகு பூரா எரியுது, வாயில வந்தபடி அவன ஏசிக்கிட்டே எந்திரிக்கேன், நான் நின்ன எடத்துல உத்திரம் ஒண்ணு மேல்தளத்துச் செங்கலோட இறங்குச்சு. தூசி அடங்குனதும் இடுப்புக் கயித்த அவுத்தேன்.

"ஏன்லே இழுத்த?"ன்னேன்.

"நீங்கதான அத்தான் இழுத்தீய"ங்கான்.

கயிறு எங்கயாவது மாட்டியிருக்கும்னு நீங்க சொல்லுவீங்க. அடுத்த நாளு நானும் போயித் தேடிப் பாத்தேன், கயிறு போன வழியில ஒரு ஆணி கூட இல்ல.

இந்த விஷயம் வெளிய தெரிஞ்சா முடிஞ்சுச்சு, பேய் பங்களான்னு பேரு வச்சு மறுநாளே வித்துருவாங்க. அதனால வாயத் தொறக்கப்படாதுன்னு பிரான்சிஸ்கிட்ட சத்தியம் வாங்குனேன். விழுந்த உத்திரத்த அறுத்து ஒரு துண்ட பெரிய மச்சான் முன்னாடி கொண்டு போட்டேன். மேல்தளத்துல முளைச்ச ஆலங்கன்னு வேரு வழியா மழத்தண்ணி எறங்குன முனை மட்டும் உளுத்திருக்கு, மத்ததெல்லாம் பர்மா தேக்கு, நேத்து அறுத்த மாதிரி வாசம். அவரு அதத் தூக்கி மூக்குல வச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் கீழ வைக்கல. அப்புறம், "கப்பல்ல இருக்கவங்ககிட்ட நான் பேசுதேன்வே"ன்னாரு. கொடியேற இன்னும் நாள் இருந்துச்சு. அப்படித்தான் சார் இந்த வேலையே உங்க கைக்கு வந்துச்சு.

இவ்வளவுதான்னா நான் உங்ககிட்ட சொல்லியே இருக்க மாட்டேன். பெரிய மச்சான் ஒத்துக்கிட்ட அன்னைக்கு சாயங்காலம் டீக்கடையில பிரான்சிஸ் கிளாஸக் கையிலயே வச்சிக்கிட்டு இருந்தான், குடிக்கல. "என்னலே"ன்னேன். "அத்தான், நாளும் கயிறு பிடிக்கிற கையி இது. ஒரு ஆளு கனம் எனக்குத் தெரியாதா? அந்த ஞாயித்துக்கெழம நான் இழுத்தது ரெண்டு பேர"ன்னான்.

வேற யாராவது இதச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். கனத்துல அவன் கை தப்பாது. அப்ப வாசப்படி வரைக்கும் ரெண்டு பேரு வந்திருக்கோம். படியில எறங்குனது நானும் அவனும் மட்டும்தான்.

பிரான்சிஸ் இன்னைக்கும் எந்த ஆழத்துலயும் முங்குவான், அந்தப் படியில மட்டும் கால் வைக்க மாட்டேங்கான். நான் விடமாட்டேன் சார். அந்த ஹால்ல திரும்பச் சுண்ணாம்பு பூசி, கண்ணாடி மாட்டி, ஜன்னலத் தொறந்து வைக்காம ஓயமாட்டேன். யாரு இருந்தா என்ன, அவங்களும் இந்தக் கட்டடம் நிக்கணும்னுதான நெனைக்காங்க. நாளைக்கு உங்களுக்குக் கயிறு நான் பிடிக்கேன், நான் உங்க மச்சினன் இல்லன்னாலும் பரவால்ல. ஒரு இழுப்பு வந்தாத் தூக்கிருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். இழுத்தது யாருன்னும் கேக்க மாட்டேன்.