மேலாளரின் கார் நம்பர்

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் ஒரு நாள்கூட மறந்ததில்லை.

பிறை நகரில் ஒரு தொழிற்சாலையின் தரவுத்தளத்தைக் கவனிப்பது என் வேலை. தொழிலாளர்களின் மருத்துவ விவரங்களை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் நிரலை என் மேலாளர்தான் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய பழைய முறை. திறக்கும் சாவி அவருடைய கார் நம்பர்! அதையும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். இது ஆபத்து என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு நேரிலும் சொன்னேன்.

"ஒன் வேலயப் பாரும்மா" என்றார்.

சில மாதங்களில் விவரங்கள் வெளியே கசிந்தன. கவனக்குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. கையெழுத்து அவருடையது. மின்னஞ்சலைக் காட்டினேன். "எனக்கு வரவே இல்ல லா" என்று சாதித்தார், பாவி. அன்று கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி, வீடு இருக்கும் ஜெலுத்தோங் வரை அழுதுகொண்டே வந்தேன்.

இந்த வருடம் தலைமையகம் புது விதி போட்டது. அங்கீகரித்த முறைகளில்தான் விவரங்களைப் பூட்ட வேண்டும். அதை அமல்படுத்தும் பொறுப்பு என்னுடையது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். பிறகு எல்லாருக்கும் இரண்டு மாத அவகாசம் கொடுத்து, அறிவிப்பில் கையெழுத்தும் வாங்கினேன். மேலாளர் படிக்காமலே போட்டார்.

கெடு முடிந்த காலையில் பழைய முறைகளையெல்லாம் தரவுத்தளம் ஏற்காதபடி அடைத்தேன். பழைய நிரலையே மாற்றாமல் வைத்திருந்த அவருடைய அறிக்கை திறக்கவில்லை. முதல் தடவையாக என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு வாரம் தொறந்து விடு லா. ஆடிட்டருங்க வந்து உக்காந்திருக்காங்க."

இத்தனை வருடம் இல்லாத தங்கச்சி! விதிவிலக்குப் படிவத்தை நீட்டினேன். 'இந்தக் குறை உங்களிடம் முன்பே தெரிவிக்கப்பட்டதா?' என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று குறித்தால் விசாரணை முடியும்வரை எதையும் திறக்க முடியாது; 'ஆம்' என்றால் முடிவு என் கையில். வியர்த்துக்கொண்டே 'ஆம்' என்பதில் குறியிட்டார். எப்போது என்ற இடத்தில் என் மின்னஞ்சலின் தேதியைத் தன் கையாலேயே எழுதினார்.

அந்தப் படிவத்தின் நகலால்தான் அதே வாரம் என் எச்சரிக்கைக் கடிதம் ரத்தானது. அது பிறகு நடந்தது. அன்று காலை, அவர் முன்னாலேயே, அந்தப் படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"ஏம்மா, ஆம்னுதானே போட்டேன்?"

"போட்டீங்க. இப்ப போய் ஒங்க வேலயப் பாருங்கண்ணே" என்றேன்.