படிவத்தில் எழுதாத சர்க்கரை

என் கணவர் மாத்திரை அட்டையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். பொன்னேரியில் ஒரு மருந்துக் கடையில் மாதம் ஒரு முறை வாங்குவார். கடை வாசலிலேயே நின்று அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி, ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அட்டையைக் கடைக்காரரின் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார். பில் வாங்க மாட்டார். காலையில் முகம் கழுவிய பிறகு துண்டால் முகத்தை மூடித் துடைக்கும்போதே ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் மகள் ஷைனி எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. பதினாலு வருடம் இப்படி நடந்தது. பிள்ளை வெளியில் சொல்லிவிடுவாள் என்று, அவள் காதில் விழ நாங்கள் இதைப் பேசியதே இல்லை. அவருக்குச் சர்க்கரை என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் பெயர் ராஜமாணிக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் முப்பத்துநாலு வருடம் வேலை செய்தவர். நாங்கள் கவரைப்பேட்டையில் இருக்கிறோம். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். இவர் பழைய இரும்பு சுமக்கப் போய், உலைக்கு உதவி ஆளாகி, பிறகு உலைக்காரரே ஆனார். இரும்பு பதமாக உருகிவிட்டதா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்கு மீட்டர் வந்த பிறகும், "மீட்டர் இருக்கட்டும், மாணிக்கத்த கூப்புடு" என்றுதான் சொல்வார்களாம். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று அவரைக் கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவரும் கொப்பரையைக் குனிந்து பார்த்து, "இன்னும் அம்பது டிகிரி வேணும்" என்பார்.

நாற்பத்துநாலு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. பொன்னேரியில் தனியாக ஒரு டாக்டரிடம் காட்டினார். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகவில்லை. அங்கே கொடுக்கும் சீட்டு எப்படியாவது கம்பெனிக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். சர்க்கரையோ பிரஷரோ இருப்பவரை உலையில் நிறுத்தக் கூடாது என்பது கம்பெனியின் விதி. அந்தச் சூட்டில் தலை சுற்றி விழுந்தால் என்ன ஆவது என்று அவர்களுக்குக் கவலை. அது நியாயம்தான். ஆனால் உலையிலிருந்து எடுத்தால் யார்டில் துருப்பிடித்த இரும்பைப் பிரிக்கப் போடுவார்கள். அங்கே ஓவர்டைம் கிடையாது, சூட்டுக்கென்று தரும் படியும் கிடையாது. எல்லாவற்றையும்விட, முப்பது பேர் முன்னால் கண்ணாடி போட்டு உலையைப் பார்த்துத் தலையசைத்த மனிதன் வெயிலில் குந்தி ஆணி பொறுக்க வேண்டும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு நாள் கேன்டீன் கொட்டகையில் மெடிக்கல் கேம்ப் போடுவார்கள். வெளியிலிருந்து லேப் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு யார் முகமும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஹெல்மெட்டில் டோக்கன் நம்பர். நம்பரைக் கூப்பிடுவார்கள், நம்பரைப் பார்த்து விரலில் குத்துவார்கள். சர்க்கரைக்காரர்கள் கழிவறைப் பக்கம் போய் நல்ல உடம்புள்ளவனோடு ஹெல்மெட்டை மாற்றிக்கொள்வார்கள். இவருக்காகப் போனவர் சின்னராசு. இவருக்கு ஒரு வயது இளையவர், சுள்ளி மாதிரி உடம்பு, எதைத் தின்றாலும் ஒன்றும் செய்யாது. கேம்ப் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவருக்குப் பிரியாணி.

"அண்ணி, கம்பெனில பாதிப் பேரு உடம்புல என் ரத்தம்தான் ஓடுது" என்று சின்னராசு சொல்வார். "நாளைக்கு சொத்துல பங்கு கேட்டு நிப்பேன், பாத்துக்கோ."

"இருக்கறது ஒரு ஓட்டு ஊடு. அதுல ஒரு ஓடு எடுத்துக்கோ" என்பார் இவர்.

ஷைனி இருந்தால் ஏதோ வேலைப் பேச்சு என்று நினைத்துச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

சம்பளம் ஏறியபோது இ.எஸ்.ஐ. நின்றுவிட்டது. அதற்குப் பதில் கம்பெனியே எங்கள் இரண்டு பேருக்கும் குரூப் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தது. ஐம்பத்தெட்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ரிட்டயர் ஆகும் நாளோடு அது நின்றுவிடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வேண்டுபவர்களைப் பார்க்க இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் சரவணகுமார். திருவள்ளூர் பக்கம் மணவாள நகரிலிருந்து வந்தார். ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். நான் போட்ட டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பையைத் திறந்தார்.

அந்த வாரம் இவருக்கு இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. ரிட்டயர் ஆன பிறகும் இரண்டு வருடம் உலையிலேயே வைத்துக்கொள்கிறோம், வவுச்சரில் சம்பளம், வேறு எந்தச் சலுகையும் கிடையாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. ஷைனிக்குக் கல்லூரி முடிய இரண்டு வருடம் இருந்தது. இவர் மனதில் அந்த இரண்டு வருடமும் இந்த இரண்டு வருடமும் சரியாகப் பொருந்தி நின்றன.

சரவணகுமார் பொறுமையாக விளக்கினார். "புதுசா பாலிசி எடுத்தா பழைய வியாதிக்கு காத்திருக்கணும் சார். அதுக்கு பதிலா கம்பெனி பாலிசிய அப்படியே உங்க பேருக்கு மாத்திக்கலாம். மாத்திக்கினா பழைய வியாதிக்கும் மொத நாள்லேந்தே கவர் ஆவும். ஆனா இருக்கறத மறைக்காம எழுதணும். எழுதினா வருஷா வருஷம் கட்டறது கொஞ்சம் ஏறும். அவ்ளோதான்."

"இந்த ஃபாரம் எங்க போவும்?" என்று இவர் கேட்டார்.

"உங்க ஹெச்.ஆர். பாத்து கையெழுத்து போட்டு எங்களுக்கு அனுப்புவாங்க."

தரையில் ஊன்றியிருந்த அவருடைய கால் கட்டைவிரல் மடங்குவதைப் பார்த்தேன்.

மூன்று லட்சமா ஐந்து லட்சமா என்று கேட்டபோது யோசிக்காமல் ஐந்து என்றார். "எனக்கு மட்டும் இல்ல. மேரிக்கும் சேத்துத்தான். அவளுக்கு மழைக்காலத்துல நெஞ்சு கட்டிக்கும்" என்றார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். படிவத்தை நிரப்பியது ஷைனி. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்தாள், இவர் பதில் சொன்னார். என் நெஞ்சு கட்டுவதைக்கூட எழுதச் சொன்னார்.

"சர்க்கரை நோய் உண்டான்னு கேட்டிருக்கு. நைனா, உனக்கு உண்டா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லு நைனா. கல்யாண ஊட்டுல ஜாங்கிரி நாலு தின்றயே."

"தின்றவனுக்கு எல்லாம் சுகர் வந்தா ஊர்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான். இல்லன்னு எழுது."

சரவணகுமார் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. ஆம்பளைங்க மறைப்பாங்க, ஊட்டுக்காரம்மா மறைக்க மாட்டாங்க."

நான் காலி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளி ஆள் முன்னால் என் வாய் எப்போதும் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்திருக்க வேண்டும். "எனக்கு இன்னா தெரியும், அவரு சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஷைனி 'இல்லை' என்று எழுதினாள். கம்பெனி கேம்ப் ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து அனுப்பினார்கள். பதினாலு வருடமாக அப்பழுக்கில்லாத ரத்தம். தனியாக டெஸ்ட் எதுவும் கேட்காமலே பாலிசி வந்துவிட்டது.

படிவம் எழுதிய அந்த ஞாயிறு இரவே, அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு மெதுவாகக் கேட்டிருந்தேன். "ஏங்க, இப்படிச் செஞ்சிட்டீங்களே."

"கான்ட்ராக்ட் லெட்டர் வரட்டும் மேரி. ரெண்டு வருஷம் ஓடட்டும். அப்பால நானே போயி சொல்லிக்கிறேன்."

கடிதம் வந்தது. ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு அதே ஹெல்மெட்டோடு போனார்.

எட்டாவது மாதம், உலையிலிருந்து தெறித்த இரும்புச் சிம்பு ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. இடது கால். அவருக்குச் சுடவில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான்கைந்து நாள் கழித்துச் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது வாடை வந்தது. குதிகாலுக்கு மேலே சதை கறுத்திருந்தது. அன்று மாலை காய்ச்சல் தூக்கிப் போட்டது. சின்னராசு ஆட்டோ கொண்டுவந்தார். சென்னை போகும் வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்சூரன்ஸ் அட்டையை ஷைனி முன்னாலேயே எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அதுதான் தைரியம்.

உள்ளே இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருக்கிறது என்றார். எத்தனை வருஷமா சர்க்கரை என்று இவரைக் கேட்டார்.

"இப்பதான். கொஞ்ச நாளா" என்றார் இவர். காய்ச்சலில் குரல் எழும்பவில்லை.

டாக்டர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது கொஞ்ச நாள் சர்க்கரை மாதிரி தெரியல. அம்மா, நீங்க சரியா சொல்லுங்க. மருந்து எல்லாம் அதப் பாத்துத்தான் குடுக்கணும். கிட்னி எப்படி இருக்குன்னு தெரியணும். தப்பா சொன்னா ஆளுக்கு ஆபத்து."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தலையை அசைக்கக்கூட இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அந்த நேரத்தில் பாலிசியும் தெரியவில்லை, கம்பெனியும் தெரியவில்லை. அவர் உடம்பு நடுங்கியதுதான் தெரிந்தது.

"பதினாலு வருஷம் ஆவுது டாக்டர்" என்றேன். கடையில் அவர் கேட்டு வாங்கும்போது என் காதில் விழுந்திருந்த மாத்திரை பெயரையும் சொன்னேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஷைனி, "இன்னாமா சொல்ற?" என்றாள். சின்னராசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் மறுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஏட்டில் பதினாலு வருடம் என்று இருக்கிறது, படிவத்தில் இல்லை என்று இருக்கிறது. மறைத்து எடுத்ததால் பாலிசியும் ரத்து. ஒரே பாலிசி என்பதால் என் பெயரும் அதோடு போனது. கவுன்டரில் இருந்த பெண் படிவத்தின் நகலைக் காட்டி, "இது யார் எழுதினது?" என்று கேட்டாள். ஷைனி, "நான்தான்" என்றாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். மனம் நோகாமல் பேச வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். ஷைனி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அங்கே வைத்திருக்க எங்களுக்கு வழியில்லை. சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் விஷம் மேலே ஏறிவிட்டது, காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

சின்னராசு தினமும் ஷிப்டு முடிந்து ரயிலேறி வந்தார். ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் ஹெல்மெட்ட குடுத்திருக்கக் கூடாது அண்ணாத்த. என் ரத்தம்னு பீத்திக்கினு திரிஞ்சேன்" என்றார்.

"நீ இன்னா பண்ணுவே. நான்தான கேட்டேன்" என்றார் இவர். "பேஜாரு பண்ணாம ஊட்டுக்குப் போ. கடைசி வண்டி போயிடும்."

அவர் போன பிறகு நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊட்ல கேட்டப்போ வாயத் தொறக்கல. அங்க தொறந்துட்ட மேரி."

"உங்க உசுரு போயிடும்னு பயந்துட்டேங்க."

"தெரியும்" என்றார். கஞ்சிக்குக் கையை நீட்டியபடி, "ரெண்டுல ஒண்ணு மாத்தி செஞ்சிருக்கலாம்" என்றார். பிறகு கஞ்சியைக் குடித்தார்.

இரண்டுமே நான் செய்ததுதான். அவருக்காக வாயை மூடினேன், அவருக்காகவே திறந்தேன். முதல் தடவை திறந்திருந்தால் வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருப்போம், அந்தக் கான்ட்ராக்ட் போயிருக்கும். கால் போயிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் பயமில்லாமல் டாக்டரிடம் போயிருப்பார், பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பதை வெளியில் சொல்லியிருப்பார். இதை நான் எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். சரவணகுமாரும் ஒரு முறை போன் செய்தார். அன்றைக்கு வீட்டில் அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் எடுத்துப் பேசவில்லை. மேல்முறையீட்டுக்கு எங்கே எழுத வேண்டும் என்று ஷைனிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் எழுதினாள். அதே பதில்தான் வந்தது.

இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. கான்ட்ராக்ட் போய்விட்டது. சிறு பென்ஷன் வருகிறது. ஷைனி கல்லூரிக்குப் போகிறாள், சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அப்பாவோடு பேசுகிறாள். என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். புதிதாகக் காப்பீடு கேட்டு இரண்டு இடத்தில் எழுதிப் பார்த்தோம். இந்த முறை எல்லாவற்றையும் எழுதினோம். இரண்டு இடத்திலும் அவருக்கு இல்லை என்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள், கட்டுகிற தொகையைக் கேட்டுவிட்டு நான் வேண்டாம் என்றேன். மாதம் ஒரு முறை அவரை ஆட்டோவில் பொன்னேரி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு மாத மருந்து வாங்கி வருகிறேன். அவருடைய வலது பாதத்தைத் தினமும் இரண்டு வேளை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். இன்று காலை வரை அதில் புண் இல்லை.